கண்ணாடி வார்ப்புகள் வாசிப்பு: அமண்டாவைப் பார்த்து ஏன் சிரிக்கிறோம்?

வெள்ளவத்தை வாசகி

எங்கள் வாசிப்புக் குழு அடுத்த மாதம் வெள்ளவத்தையில் ஒரு வீட்டு ஹோலில் அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸின் 'த கிளாஸ் மெனாஜரி' நாடகத்தைத் தமிழில் வாசிக்கப் போகிறது. மேடை இல்லை, வேஷம் இல்லை. நான்கு கதிரை, கையில் பிரதி, முன்னால் தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர். தாய் அமண்டாவின் பகுதி எனக்கு. ஒத்திகையில் நான் வாயைத் திறந்தாலே எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தப் பெண் சிரிப்புக்குரியவள் என்று பிரதியைப் பிரிக்கும் முன்பே முடிவெடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. எனக்கு அது பொறுக்கவில்லை. அதனால்தான் இந்த இணைய இழையில் கேட்கிறேன்.

நாடகம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1944 டிசம்பரில் சிக்காகோவில் முதலில் மேடையேறி, 1945 மார்ச்சில் நியூயோர்க் போனது. எங்கள் ஆட்களுக்கு இது க. பாலேந்திரா 70களின் பிற்பகுதியில் நெறியாள்கை செய்த 'கண்ணாடி வார்ப்புகள்' வழியாக அறிமுகம். கதை நடப்பது செயின்ட் லூயிஸ் நகரத்தில், 1930களின் பொருளாதார மந்த காலத்தில், நெருக்கமான ஒரு அடுக்குமாடி வீட்டில். தகப்பன் டெலிபோன் கம்பனியில் வேலை செய்தவர், குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். கடைசியாக மெக்சிக்கோவிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது, அதில் வணக்கமும் விடையும் மட்டும். அவர் படம் இன்னும் சுவரில் சிரித்துக்கொண்டு தொங்குகிறது. மகன் டொம் சப்பாத்துக் களஞ்சியத்தில் வேலை, இரவில் சினிமா, இடையில் கவிதை. மகள் லோராவுக்கு ஒரு கால் சற்றுக் கட்டை, ஆட்களைக் கண்டால் நடுக்கம். சின்னச் சின்னக் கண்ணாடி மிருகங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருப்பாள். அந்த வீட்டுக்கு டொம்மின் வேலைத்தள நண்பன் ஜிம் ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்கு வருகிறான். அவ்வளவுதான் சம்பவம்.

அமண்டா என்ன செய்கிறாள்? தன் இளமைக் காலத்தில் ஒரே பின்னேரத்தில் பதினேழு பேர் தன்னைப் பார்க்க வந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். மகன் சாப்பிடும்போது எப்படி மெல்ல வேண்டும் என்று பாடம் எடுக்கிறாள். சரி, இதற்குச் சிரிக்கலாம். ஆனால் லோரா தட்டெழுத்துக் கல்லூரிக்குப் போகாமல் ஏமாற்றியது தெரிந்தவுடன் அவள் சொல்வதைப் பாருங்கள். வேலைக்கும் போகாத, கல்யாணமும் ஆகாத பெண்கள் கடைசியில் அக்காவின் புருஷனிடமோ தம்பியின் மனைவியிடமோ ஒட்டிக்கொண்டு, ஒரு மூலை அறையில், வேண்டாவெறுப்பாகப் போடும் சோற்றைத் தின்று கிடப்பதைத் தான் கண்டிருப்பதாகச் சொல்கிறாள். அந்த இடத்தை நான் வாசித்தபோதும் இரண்டு பேர் சிரித்தார்கள். எங்கள் வீடுகளில் அப்படி ஒரு பின்னறை இல்லையா? அதில் ஒரு பெரியம்மாவோ ஒரு மாமியோ இருந்ததில்லையா?

இன்னொன்று. நாடகத்தின் தொடக்கத்திலேயே டொம் சொல்லிவிடுகிறான், இது எல்லாம் என் ஞாபகம் என்று. அப்படியென்றால் நாங்கள் பார்ப்பது டொம்மின் ஞாபகத்தில் இருக்கிற அம்மாவைத்தான். விட்டுவிட்டுப் போனவன், போனதற்குக் காரணம் தேடிக்கொண்டே அம்மாவை நினைக்கிறான். அந்தக் கண்ணால் பார்த்தால் அவள் வாயாடியாகத்தானே தெரிவாள்? கடைசிக் காட்சியின் மேடைக் குறிப்பில் வில்லியம்ஸ் வேறொன்று எழுதியிருக்கிறார். டொம் தன் கடைசிப் பேச்சைப் பேசும்போது பின்னால் அமண்டா லோராவைத் தேற்றுகிறாள், ஆனால் அவள் குரல் எங்களுக்குக் கேட்பதில்லை. குரல் கேட்காதபோது அவளுடைய அசட்டுத்தனம் விலகி, கண்ணியமும் துயரத்தின் அழகும் அவளிடம் தெரிகின்றன என்கிறார். பேச்சின் முடிவில் லோரா தலையை நிமிர்த்தித் தாயைப் பார்த்துப் புன்னகைக்கிறாள்.

டொம்மைப் பார்த்து இல்லை. தாயைப் பார்த்து.

மேடையே இல்லாத ஒரு வாசிப்பில் இதை எப்படிக் காட்டுவது? அதுதான் என் கேள்வி.

கொட்டாஞ்சேனையான்

அக்கா, நான் டொம் பக்கம். நீங்கள் கோபிக்கக்கூடாது.

மாதம் அறுபத்தைந்து டொலருக்காக நான் ஆக நினைத்த எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறேன் என்று அவன் கத்துகிற இடம் இருக்கிறதே, அதை எங்கள் ஊரில் எத்தனை பெடியன்கள் கத்தாமல் விழுங்கியிருப்பார்கள். நான் ஏ.எல். முடித்த கையோடு வளைகுடாவுக்குப் போனவன். எனக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் பெண் பிள்ளைகள். யாரும் என்னைப் போ என்று தள்ளவில்லை. ஆனால் போகாமல் இருக்கலாம் என்ற பேச்சும் வீட்டில் ஒருநாளும் எழவில்லை. மாதக் கடைசியில் காசு போய்ச் சேர்ந்ததும் அம்மா டெலிபோனில் முதலில் கேட்பது "சாப்பிட்டியா ராசா". அது அன்புதான், நான் மறுக்கவில்லை. அடுத்த வசனம் எப்போதும் நகைக் கடையைப் பற்றியோ தரகரைப் பற்றியோ இருக்கும்.

அமண்டா டொம்மிடம் நேராகவே சொல்கிறாள்: லோராவைப் பார்த்துக்கொள்ள ஒருத்தன் வந்து, அவளுக்கென்று ஒரு வீடு அமையட்டும், அப்புறம் நீ எங்கே வேண்டுமானாலும் போ. தனக்குப் பதிலாக ஒரு ஆளைப் பிடித்து வைத்துவிட்டுத்தான் அவன் வெளியே போகலாம். பிணை வைக்கிற கணக்கு இது. ஜிம்மை அவன் சாப்பாட்டுக்குக் கூட்டி வருவதே அந்தப் பிணைக்காகத்தான். தங்கை மேல் பாசம் இல்லாதவன் அதைக்கூடச் செய்திருக்க மாட்டான்.

அமண்டாவைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம் என்பதில் நான் உங்களோடு சேருகிறேன். ஆனால் அவளை உயர்த்துவதற்காக டொம்மைத் துரோகியாக்கி வாசித்துவிடாதீர்கள். அந்த வீட்டில் மூச்சு முட்டியது உண்மை.

வழக்கு மேசை

ஒரு திருத்தம்: லோரா தங்கை இல்லை. டொம்மைவிட இரண்டு வயது மூத்தவள், அமண்டாவே அதைச் சொல்கிறாள். எங்கள் கணக்கில் இது இன்னும் இறுக்கமான முடிச்சு. அக்கா இருக்கும்போது தம்பிக்கு எப்படிப் பேச்சுக்கால் எடுப்பது என்று கேட்காத குடும்பம் உண்டா?

கொட்டாஞ்சேனையான் சொன்ன அந்தப் 'பிணை' எங்கள் பக்கத்தில் வெறும் பழக்கமாக மட்டும் இருக்கவில்லை, எழுதியே வைத்திருந்தார்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1706-07இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்ததுதான் தேசவழமை. பெற்றார் உயிரோடு இருக்கும்வரை மகன்மார் எதையும் கேட்டு நிற்க முடியாது, கல்யாணம் ஆகுமுன் உழைத்ததை எல்லாம் பொதுச் சொத்தில் சேர்க்க வேண்டும், உடலில் போடும் நகைநட்டு மட்டும் விலக்கு என்று அதில் இருக்கிறது. அந்தப் பொதுச் சொத்திலிருந்துதான் பெண் பிள்ளைகளுக்குச் சீதனம் போகும். 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு சட்டம் நிறைய மாறிவிட்டது. வீடுகளுக்குள் அவ்வளவாக மாறவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குக் கையில் கொடுக்கும் டொனேஷன் காசு, அந்த மாப்பிள்ளையின் சகோதரிக்குச் சீதனமாகப் போய், அங்கிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகிறது. வெள்ளவத்தையில் ஒரு பிளாட் எழுதப்படும்போது அதற்குப் பின்னால் எத்தனை அண்ணன் தம்பிமாரின் சம்பளம் இருக்கிறது என்பது உறுதியில் வராது.

செயின்ட் லூயிஸில் அப்படி எந்த ஏடும் இல்லை. இருந்தும் டொம்முக்கு அதே கடன். ஓடினபிறகும் விடாத கடன். அதனால்தான் இந்த நாடகம் தமிழில் எடுபடுகிறது என்று நினைக்கிறேன்.

தெஹிவளை மூத்தவள்

எல்லோரும் தாயைப் பற்றியும் மகனைப் பற்றியும் எழுதுகிறீர்கள். லோராவை யாராவது கேட்டீர்களா? நாடகத்திலும் அவளை யாரும் கேட்கவில்லை.

உனக்கு என்ன விருப்பம் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை. அமண்டா முதலில் தட்டெழுத்துப் படிக்க அனுப்புகிறாள். அது சரிவரவில்லை என்றதும் அடுத்த நிமிடமே கல்யாணம் என்கிறாள். டொம் அவளில் உயிராக இருக்கிறான். ஆனால் அம்மாவோடு சண்டை பிடிக்கும்போது அவன் எறிந்த கோட்டு அவளுடைய கண்ணாடிகள் மேல்தான் போய் விழுகிறது. இரண்டு பேருக்கும் அவள் ஒரு பொறுப்பு. அந்தப் பொறுப்பை யார் எவ்வளவு காலம் தூக்குவது என்பதில்தான் சண்டை.

எனக்கு இந்த நாடகத்தில் மிகப் பிடித்த இடம், அந்த மெழுகுதிரி வெளிச்சத்தில் ஜிம்மும் லோராவும் நிலத்தில் இருந்து கதைப்பது. பெண் பார்க்கும் சடங்கு அமண்டாவின் எல்லா ஏற்பாட்டையும் மீறி உடைந்து, இரண்டு மனிதர்கள் கதைக்கிற ஒரே இடம் அதுதான். பள்ளிக்கூடத்தில் லோரா மனதுக்குள் வைத்திருந்தவனே இந்த ஜிம். காலில் போட்டிருந்த கம்பி வகுப்புக்குள் நுழையும்போது இடிபோலச் சத்தம் போட்டதாக அவள் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அப்படி ஒரு சத்தமும் கேட்டதாக ஞாபகமே இல்லையே என்கிறான் ஜிம். என்னைப் பார்க்க வந்தவர்களில் ஒருவராவது இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று யோசித்தேன். தட்டோடு நான் ஹோலுக்குள் வரும்போது எல்லோருடைய கண்ணும் என் நடையில் இருக்கும். பிறகு சாதகக் குறிப்புப் பொருந்தவில்லை என்று தரகர் மூலம் செய்தி வரும். பொருந்தியதோ இல்லையோ, காரணம் அதுவாகத்தான் சொல்லப்படும்.

பிறகு அவர்கள் ஆடுகிறார்கள். மேசையில் இடிபட்டு, அவள் மிகவும் நேசித்த ஒற்றைக்கொம்புக் குதிரை விழுந்து கொம்பு முறிகிறது. லோரா அழுவதில்லை. இனி அது மற்றக் குதிரைகளைப் போல இருக்கும், அவற்றோடு சேர்ந்து இருக்க அதற்கும் லேசாக இருக்கும் என்கிறாள். அவள் அந்த ஒரு சில நிமிடம் நம்புகிறாள், தானும் எல்லோரையும் போல ஆகலாம் என்று. அதன்பிறகுதான் ஜிம் தனக்குக் கல்யாணம் பேசி முடிந்துவிட்டது என்கிறான். முத்தமும் கொடுத்துவிட்டுச் சொல்கிறான். அவன் கெட்டவன் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நம்பிக்கையைக் கொடுத்து, அதே கையால் எடுத்துப் போவதைவிட அவன் வராமலே இருந்திருக்கலாம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்தச் சில நிமிடம் அவளுக்குக் கிடைத்ததுதானே.

முறிந்த குதிரையை அவள் அவன் கையில் வைத்து அனுப்புகிறாள். நாடகத்தில் லோரா தானாக முடிவெடுத்துச் செய்கிற மிகப் பெரிய காரியம் அது. தயவுசெய்து அதை அழுகைக் குரலில் வாசிக்க விடாதீர்கள்.

கொட்டாஞ்சேனையான்

இதை வாசித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுத வரவில்லை அக்கா. என் இரண்டு சகோதரிகளிடமும் இந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை. இன்றைக்கு இரவு மூத்தவளோடு கதைக்கப் போகிறேன்.

பழைய மேடை

பிள்ளைகளே, நான் கொழும்பில் நாடகங்களுக்கு ஒளியமைப்புச் செய்து திரிந்தவன். லயனல் வென்ட் அரங்கிலும் செய்திருக்கிறேன், சரஸ்வதி மண்டபம் போன்ற இடங்களில் கிடைத்த இரண்டு விளக்கை வைத்தும் செய்திருக்கிறேன். ஆகவே கொஞ்சம் தொழில் பேசுகிறேன்.

முதலில் வெள்ளவத்தை வாசகிக்கு: சிரிக்க விடுங்கள். நீங்கள் சொன்ன அந்தக் கடைசி மேடைக் குறிப்பு வேலை செய்ய வேண்டுமென்றால் அதற்கு முன் சனம் சிரித்திருக்க வேண்டும். இரண்டு மணித்தியாலம் அந்தக் குரலைக் கேட்டுக் களைத்துப்போய், ஐயோ இந்த மனுசி கொஞ்சம் வாயை மூடமாட்டாளா என்று பார்வையாளரும் டொம்மைப் போலவே நினைக்க வேண்டும். பிறகு குரல் நின்றுவிடுகிறது. அப்போதுதான் அவர்களுக்கு அவள் முகம் தெரியும். தொடக்கத்திலிருந்தே கண்ணியமாக வாசித்தால் கடைசியில் எடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. சஞ்சிகைச் சந்தா சேர்க்க அவள் டெலிபோனில் ஆட்களைக் கெஞ்சுகிற இடம் இருக்கிறதே, அதை முழு வேகத்தில் வாசியுங்கள். சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பின் அடியில் இந்த மாதக் கடை பில் இருக்கிறது என்பது சிரித்து முடித்தபிறகு அவர்களுக்கே உறைக்கும்.

'கண்ணாடி வார்ப்புகள்' போட்ட காலத்தில் பாலேந்திரா மேடையேற்றிய இன்னொன்று 'ஒரு பாலை வீடு'. ஸ்பானிய நாடகாசிரியர் லோர்கா 1936இல் எழுதியது. அந்த வருடமே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அங்கேயும் ஒரு தாய், வீடு நிறையப் பெண் பிள்ளைகள், கல்யாணம் என்ற ஒரே கதவு. ஆனால் அந்தத் தாய் பெர்னார்டா பூட்டுகிறவள். இளைய மகள் தூக்கில் தொங்கியபிறகும் அவளுக்கு முக்கியம், மகள் கன்னியாகவே செத்தாள் என்று ஊர் நம்ப வேண்டும் என்பது. அமண்டா அந்த இனம் இல்லை. அவளுக்கு ஊருக்குப் பயம் குறைவு, பசிக்குப் பயம் அதிகம். இரண்டு தாய்மாரையும் ஒரே தராசில் போடுகிறவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். இரண்டு பிரதியையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது.

ஒளி பற்றி: சாப்பாடு முடியும் நேரத்தில் வீட்டில் மின்சாரம் போய்விடுகிறது, பிறகு நடப்பதெல்லாம் மெழுகுதிரியில். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டை அனுபவித்த கொழும்பாருக்கு மெழுகுதிரிக்குப் பக்கத்தில் இருந்து கதைப்பது எப்படி என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஹோல் விளக்கை அந்த இடத்தில் உண்மையாகவே அணைத்துவிடுங்கள். வாசிக்கிறவர்களுக்குப் பிரதியில் கிளிப் போடுகிற சின்ன விளக்குப் போதும். உண்மையான திரி வேண்டாம். பிரதித் தாள், திரைச்சீலை, மின்விசிறி எல்லாம் ஒரே அறையில் இருக்கும்போது நான் ஒருநாளும் நெருப்பை அனுமதித்ததில்லை.

வில்லியம்ஸ் பிரதியில் திரையில் எழுத்தும் படமும் விழ வேண்டும் என்று குறிப்பு வைத்திருக்கிறார். முதல் மேடையேற்றத்திலேயே அதை விட்டுவிட்டார்கள். நீங்களும் விடலாம்.

வெள்ளவத்தை வாசகி

பழைய மேடை ஐயா, டெலிபோன் இடத்துக்கு நீங்கள் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். முழு வேகம். அந்தப் பின்னறைப் பேச்சுக்கு மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதற்கும் சிரித்தால் நாங்கள் வாசிப்பதில் ஏதோ பிழை. அதற்கு முன் ஒரு மூச்சு நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, பிரதியிலிருந்து கண்ணை எடுத்துச் சபையைப் பார்த்துச் சொல்லப் போகிறேன்.

தெஹிவளை மூத்தவள் எழுதியதற்கு நன்றி சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. லோரா வாசிக்கும் பிள்ளைக்கு அதை அப்படியே காட்டினேன். ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். லோராவை அமண்டா கேட்கவில்லை என்பது சரி. அமண்டாவை யார் கேட்டார்கள்? அந்தப் பதினேழு பேரையும் விட்டுவிட்டு அவள் தன் விருப்பத்துக்கு வேறொருத்தனை எடுத்தாள். அவன் போய்விட்டான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை காதலை நம்பி எடுத்த முடிவுக்கு அவள் இத்தனை வருடம் தனியாகக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறாள். அந்த ஆளின் படத்தை ஏன் சுவரிலிருந்து கழற்றவில்லை? ஒத்திகையில் ஒருவர் சொன்னார், பிள்ளைகளுக்கு எச்சரிக்கையாக வைத்திருக்கிறாள் என்று. நான் அப்படி வாசிக்கவில்லை. அவளுக்கு இன்னும் அவன்மேல் விருப்பம் இருக்கிறது. ஜிம் வருகிற அன்று பெட்டிக்குள்ளிருந்து பழைய உடுப்பை எடுத்து உடுத்துக்கொண்டு, கையில் பூவோடு வந்து நிற்பாளே, அது மகளுக்குப் போட்டியாக இல்லை. அவள் அந்த உடுப்போடுதான் தன் புருஷனைச் சந்தித்த காலத்தைப் பற்றிப் பேசுகிறாள். காய்ச்சலோடு காய்ச்சலாகப் பூப்பறிக்கப் போன அந்த வசந்த காலத்தை மகளிடம் சொல்லச் சொல்ல அவள் குரல் இளமையாகிறது. அங்கே சிரிப்பு வந்தால் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டு, சிரிப்பு அடங்கியபிறகு தொடர்வேன்.

கொட்டாஞ்சேனைத் தம்பி, டொம்மை நான் துரோகி என்று எங்கே சொன்னேன்?

கொட்டாஞ்சேனையான்

சொல்லவில்லை அக்கா. ஆனால் நானே சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது.

அந்த இரவில் ஏன் கரண்ட் போனது? அம்மா கட்டச் சொல்லிக் கொடுத்த லைட் பில்லைக் கட்டாமல், அந்தக் காசை டொம் கப்பல் தொழிலாளர் சங்கத்துக்குச் சந்தாவாகக் கட்டிவிட்டான். போகப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லும் துணிவு இல்லை, ஜிம்மிடம் சொல்கிறான். அக்காவைப் பார்க்க ஒருத்தன் வருகிற அன்றைக்கு வீடு இருட்டில் கிடக்கிறது. போனதற்கு நான் அவனைக் குற்றம் சொல்லவே மாட்டேன். அவன் போன விதம் எனக்கு நோகிறது. வேலை செய்கிற எந்தப் பெடியனுக்கும் தெரியும், வீட்டில் லைட் பில் காசு என்பது தொடக்கூடாத காசு. டொம் வாசிப்பவர் அந்த வசனத்தை ஜிம்மிடம் பெருமையாகச் சொல்வாரா, கூசிக்கொண்டு சொல்வாரா என்று அறிய விருப்பம்.

வழக்கு மேசை

எழுதியவருடைய வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். வில்லியம்ஸின் சொந்தப் பெயரே தோமஸ், வீட்டில் டொம். 1911இல் பிறந்தவர். அக்கா ரோஸ் 1909. வில்லியம்ஸும் செயின்ட் லூயிஸில் சப்பாத்துக் கம்பனி ஒன்றில் வேலை செய்து வெறுத்துப்போனவர். ரோஸுக்கு மனநோய் என்று 1943இல் மூளையில் சத்திரசிகிச்சை செய்தார்கள். அதன்பிறகு அவர் வாழ்நாளெல்லாம் பராமரிப்பில்தான் இருந்தார். நாடகம் அடுத்த வருடம் மேடையேறியது. அதன் உரிமைப் பணத்தில் பாதியை வில்லியம்ஸ் தாய்க்கு எழுதிக் கொடுத்தார். ரோஸின் செலவைக் கடைசிவரை பார்த்தார், 1983இல் அவர் இறந்தபோது மரணசாசனத்திலும் அக்காவுக்குத்தான் முதலிடம். ரோஸ் 1996வரை இருந்தார்.

ஆகவே நாடகத்து டொம் கட்டாத கடனை எழுதிய டொம் கட்டினார். வாசிப்புக்கு முன் சபைக்கு இதைச் சொன்னால் நல்லது என்பது என் எண்ணம்.

தெஹிவளை மூத்தவள்

வேண்டாம். முன்னால் சொல்ல வேண்டாம்.

சொன்னால் எல்லோரும் லோராவில் ரோஸைத் தேடுவார்கள், ஒரு நோயாளியைப் பார்ப்பார்கள். லோரா நோயாளி இல்லை. வகுப்பில் வாந்தி எடுத்த வெட்கத்தில் குளிருக்குள் மிருகக்காட்சிச்சாலையிலும் பூங்காவிலும் நாள் முழுக்க நடந்து திரிந்துவிட்டு, அம்மாவின் முகம் வாடுமே என்று பொய் சொன்ன பெண் அவள். அவ்வளவு தூரம் நடக்கிற பலம் அவளுக்கு இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. ரோஸின் கதையை வாசிப்பு முடிந்தபிறகு தேத்தண்ணி குடிக்கும்போது சொல்லுங்கள். அப்போது கேட்க எனக்கும் விருப்பம்.

பழைய மேடை

மூத்தவள் சொல்வதே சரி. கடைசிப் பக்கத்துக்கு என் யோசனை: கதிரைகளை ஒரே வரிசையில் போடாதீர்கள். டொம் மட்டும் முன்னால், சபைக்கு அருகில். டொம்மின் கடைசிப் பேச்சு தொடங்கும்போது அமண்டா பிரதியை மூடி வைத்துவிட்டு, கதிரையை இழுத்துக்கொண்டு லோராவுக்குப் பக்கத்தில் போய் இருக்க வேண்டும். நடிக்க வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் உண்மையாகவே ஏதாவது கதையுங்கள், எங்களுக்குக் கேட்காத அளவுக்கு. என்ன கதைக்கிறீர்கள் என்பது உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

டொம் வாசிப்பவன்

அக்கா இந்த இழையை அனுப்பியிருந்தார், இரவே முழுவதையும் வாசித்தேன். லைட் பில் பற்றிக் கேட்டவருக்கு: பெருமையாகச் சொல்லப் போகிறேன். அந்த நேரத்தில் அவனுக்குப் பெருமைதான். சட்டைப்பையில் சங்க அட்டை இருக்கிறது, முதல்முறையாக ஒரு காசைத் தனக்கென்று செலவழித்திருக்கிறான். கூச்சம் பிறகு வருகிறது, ஊர் ஊராகத் திரியும்போது, வாசனைத் திரவியக் கடை ஒன்றின் கண்ணாடிக்குள் நிறம் நிறமான சின்னப் போத்தல்களைக் காணும்போது. அதுவரை அந்தக் கூச்சத்தை நான் வெளியே விடக்கூடாது என்று நினைக்கிறேன்.

கடைசிப் பேச்சை நான் இதுவரை மன்னிப்புக் கேட்பதுபோல வாசித்து வந்தேன். இனி அப்படி இல்லை. லோராவை மெழுகுதிரிகளை ஊதி அணைக்கச் சொல்லும்போது அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, என்னை விட்டுவிடு என்று கெஞ்சுகிறான். அவள் அவனைப் பிடித்து வைத்திருக்கவே இல்லை. பின்னால் அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். சபைக்கு அது தெரியும். எனக்குத் தெரியக்கூடாது. அதனால் பழைய மேடை ஐயா சொன்னபடி கதிரை போடுவதாக இருந்தால், என் முதுகு முழுவதும் அவர்கள் பக்கம் இருக்கட்டும். வருகிற ஞாயிறு ஒத்திகையில் அப்படியே செய்து பார்ப்போம். ஐயா, நேரம் இருந்தால் வாருங்கள், ஹோல் விளக்கை எந்த வசனத்தில் அணைப்பது என்று நீங்கள் சொன்னால் நல்லது.

பழைய மேடை

வருகிறேன். ஸ்விட்ச் எந்தச் சுவரில் இருக்கிறது என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள்.